ஆர்கனைப் பிரிக்கும் முன்

டிசம்பர் நெருங்கினால் வேலூரைச் சுற்றியுள்ள சர்ச்சுகளில் பாட்டுப் பயிற்சி தொடங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆர்கனும் மக்கர் பண்ணும். காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கமிருந்து என்னிடம் வருகிற கீபோர்டுகளில் பல, முதலில் வந்த கோளாறால் கெட்டவை அல்ல. அதைச் சரிசெய்யப் போன இடத்தில் கெட்டவை. அதுதான் மனசுக்குக் கஷ்டம். காணிக்கையில் சேர்த்து வாங்கிய பெட்டி அல்லவா!

அடாப்டரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பழையது போய்விட்டால் கையில் கிடைத்த வேறொன்றைச் செருகிவிடுகிறார்கள். யமஹாவின் சிறிய கீபோர்டுகள் பலவற்றுக்கு 12 வோல்ட், முனையின் உட்பக்கம் பிளஸ். பழைய கேசியோக்கள் பலவற்றுக்கு 9 வோல்ட், உட்பக்கம் மைனஸ். முனை பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஓட்டைக்குள்ளும் போய்விடும். ஆனால் துருவம் மாறினால் ஒரு நொடியில் உள்ளே ஏதாவது கருகிவிடலாம். ஓட்டைக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று காட்டும் சிறு வட்டப் படத்தையும் வோல்ட் எண்ணையும் பாருங்கள். இரண்டும் அடாப்டரோடு பொருந்த வேண்டும். ஆம்பியர் எண் கூடுதலாக இருந்தால் பயமில்லை. கீபோர்டு தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும்.

சில நேரம் கோளாறே இருக்காது. சுருதி மாறிவிட்டது என்று தூக்கி வருவார்கள். யாரோ சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டியிருப்பார்கள். எல்லா சுரமும் இழுத்துக்கொண்டே நிற்கிறதா? சுரத்தை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெயின் பெடலைக் காலால் மிதித்தபடி ஆன் செய்திருக்கலாம். பல மாடல்கள் ஆன் ஆகும்போது பெடல் இருக்கும் நிலையைத்தான் விட்ட நிலை என்று எடுத்துக்கொள்ளும். ஆஃப் செய்து, காலை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள்.

சரி, கட்டைகள் பேசவில்லை என்றால்? உடனே ஸ்க்ரூவைக் கழற்றாமல், எந்தெந்தக் கட்டை என்று ஒரு தாளில் குறியுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயிருந்தால் பெரும்பாலும் கட்டைக்குக் கீழே போர்டின் மேல் இருக்கும் ரப்பருக்கு அடியில் தூசி. சம இடைவெளியில் வரிசையாகவோ, சேர்ந்தாற்போல் ஒரு கூட்டமாகவோ போயிருந்தால் ஒரு பொது லைன் அறுந்திருக்கும்: ரிப்பன் ஒயர், டயோடு, அல்லது போர்டில் விரிசல். அங்கே ரப்பரைத் துடைத்துப் பயனில்லை. மெதுவாகத் தொட்டாலும் ஒரே கட்டை மட்டும் அலறுகிறதா? அழுத்தும் வேகத்தை அளக்க ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு தொடர்புகள் உண்டு. அவற்றில் ஒன்று அழுக்கானாலும் இப்படி ஆகும்.

துடைப்பதில்தான் பெரிய சேதம் நடக்கிறது. ரப்பரின் அடியிலும் போர்டிலும் இருக்கும் கருப்பு, கார்பன் பூச்சு. அதை அழுக்கு என்று நினைத்து எமரித் தாளால் தேய்த்த ஒரு கீபோர்டு என்னிடம் வந்தது. 61 கட்டைகளில் பாதி அதற்கப்புறம் பேசவே இல்லை. பெட்ரோல், தின்னர், துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். கை கழுவும் சானிடைசரும் ஆகாது, கிளிசரின் படிந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் லேசாகத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். ரப்பரைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். அடியில் காற்று போய்வர வழி வேண்டும். பிரிக்கும்போதே போனில் படம் எடுத்து, நீள ஸ்க்ரூவையும் குட்டை ஸ்க்ரூவையும் தனித்தனியே வையுங்கள்.

நேரடியாக மின்சாரத்தில் ஓடும் பழைய ஆர்கன்களில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால், பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் வறண்டிருக்கலாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் சுமாராகப் பாதியாகும். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நிற்கும் ஆர்கனின் கதியை யோசியுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான், செம்புக் கம்பி கூடாது.

பாகம் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறினால், மாடல் எண்ணோடு கிழிந்த பழைய ரப்பரையும் எடுத்துப் போங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு இடையிலேயே அளவு மாறும்.