ட்ரெய்லர் ஆட்டம் நின்ன கதை

போட்டை இழுத்துக்கிட்டு மெல்போர்ன்ல இருந்து ஜீலாங் போறப்ப 80 தாண்டினாலே ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிச்சுடும், ஸ்டியரிங்கைப் பிடிச்ச கை வேர்த்துடும். டயர்லதான் கோளாறுன்னு நினைச்சு காத்தெல்லாம் அடிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல. அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை வச்சு, ட்ரெய்லரை லெவலா நிறுத்தி, கார்ல மாட்டுற மூக்குக்கு (கப்ளிங்) அடியில மரத்துண்டு கொடுத்து பாத்ரூம் எடை மெஷின்ல உக்கார வச்சா வெறும் 20 கிலோ! மொத்த எடை 600, மூக்குல சுமார் 10 சதவீதம் வேணாமா? பின்னாடி பார்த்தா போட்டோட மோட்டார் மாட்டுற பக்கம், அது உக்கார்ற ட்ரெய்லர் பலகையைத் தாண்டி ஒரு சாண் தொங்குது. போட்டை முன்னாடி இழுத்துக் கட்டுற வின்ச் கம்பத்தோட யூ-போல்ட் துருப்பிடிச்சு அசையவே இல்ல, துரு இளக்குற டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிச்சு ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் கழட்டினேன். கம்பத்தை 30 சென்டிமீட்டர் முன்னாடி தள்ளி போட்டை இழுத்துக் கட்டினதும் 55 கிலோ வந்துச்சு, இப்ப 100லயும் ஆடல.