ஸ்கூபா டைவிங் போகும் சேலத்துக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்கும். எச்சிலை முழுங்கினால் 'டப்' என்று விட்டுவிடும். குழந்தைக்கு ஒரு மிட்டாயைக் கொடுத்து சப்பச் சொல்வோம். நம் ஊரில் இதற்கெல்லாம் யாரும் பயப்படுவதில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே காற்றழுத்தம் எவ்வளவு மாறுகிறதோ, அதே அளவு மாற்றம் கடலில் ஒன்றரை மீட்டர் ஆழம் போவதற்குள் வந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு சுற்றி இறங்கும்போது காது தாங்கும் அழுத்தம், தண்ணீருக்குள் ஒரு ஆள் உயரம்கூட இல்லை. அதுவும் சில நொடிகளில் வந்துவிடுகிறது.

முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் ஸ்கூபா டைவிங் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன். எல்லாரும் சுறாவைப் பற்றிக் கேட்கிறார்கள். அடிபடுவது பெரும்பாலும் காதில்தான். ஸ்கூபாவில் மிக அதிகமாக வரும் காயமே அழுத்தத்தால் காதுக்கு வரும் காயம்.

வலியைப் பொறுத்துக்கொள்வது

வாழப்பாடி பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் குதிக்க ஆரம்பித்து, பிறகு அதைக் கழற்றிவிட்டு, கடைசியில் அடிவரை முங்கி ஒரு கை சேறு அள்ளிக்கொண்டு வருவதுதான் எங்களுக்குப் பரீட்சை. பாதி ஆழத்திலேயே காதுக்குள் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும். அதைப் பொறுத்துக்கொண்டு சேறு எடுத்து வருகிறவன்தான் ஆள்.

அந்தப் பழக்கத்தோடு நான் புதுச்சேரியில் முதல் தடவை சிலிண்டரோடு இறங்கினேன். பயிற்சியாளர் எல்லாம் சொல்லித்தான் இறக்கினார். மூன்று மீட்டர் வாக்கில் இடது காது வலித்தது. அவர் கையால் 'சரியா?' என்று கேட்டார், நானும் 'சரி' என்று காட்டிவிட்டேன். இன்னும் கொஞ்சம் இறங்கியதும் சின்னதாக ஒரு சத்தம். வலி சட்டென்று நின்றது. அடுத்த நொடி காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் போவது தெரிந்தது, உலகமே சுற்றியது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. அவர் என் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் அலறாமல் மேலே வந்தேன். செவிப்பறையில் ஓட்டை. ஆறு வாரம் காதில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தால் பாட்டி நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி வைத்திருந்தார். அன்பாகத்தான் செய்தார். ஆனால் டைவிங்குக்குப் பிறகு வலிக்கும் காதில் எண்ணெய், சொட்டு மருந்து எதையும் டாக்டர் பார்க்காமல் விடவே கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் ஊற்றுவது நேராக நடுக்காதுக்குள் போகும்.

என்ன நடக்கிறது என்றால், செவிப்பறைக்கு உட்புறம் இருக்கும் நடுக்காதில் காற்று இருக்கிறது. அங்கிருந்து தொண்டையின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் வருகிறது, ஈஸ்டேக்கியன் குழாய் என்பார்கள். வெளியே தண்ணீர் அழுத்தும்போது அந்தக் குழாய் வழியாக உள்ளேயும் காற்றை அனுப்பினால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். பஸ்ஸில் எச்சில் முழுங்கும்போது நடப்பதும் இதுதான். டைவிங்கில் இதற்கு ஈக்வலைஸ் என்று பெயர். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக மூக்கு வழியே ஊதுவது போலச் செய்ய வேண்டும்.

இதில் தவறு எங்கே வருகிறது? வலித்த பிறகு செய்வதில் வருகிறது. அழுத்தம் ஏறிவிட்டால் அந்தக் குழாயின் வாய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. அதனால் தண்ணீர் மட்டத்திலேயே ஒரு தடவை செய்துவிட்டு இறங்குங்கள். பிறகு அரை மீட்டருக்கு ஒரு தடவை, காது எதுவும் சொல்லாவிட்டாலும் செய்யுங்கள். தலைகீழாக முங்காமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால் கீழே இருக்கும்படி இறங்கினால் காது சுலபமாக விடும். விடவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயற்சி செய்யுங்கள். இரண்டு மூன்று தடவைக்கும் மசியவில்லை என்றால் அன்றைக்கு டைவ் இல்லை. கட்டிய பணம் போனால் போகட்டும். கன்னம் உப்ப, முகம் சிவக்க முக்கி ஊதினால் செவிப்பறை தப்பினாலும் உள்காது பழுதாகலாம். அந்தச் சேதம் சில நேரம் காது கேட்பதையே பாதித்து நிரந்தரமாகிவிடும்.

சளி பிடித்திருந்தால் இறங்க வேண்டாம். மார்கழிப் பனியில் மலைமேல் இருந்துவிட்டு மூக்கடைப்போடு கடலுக்குக் கிளம்புகிறவர்கள் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சமாளிக்கப் பார்ப்பார்கள். மாத்திரையின் வேகம் தண்ணீருக்கு அடியில் இருக்கும்போது குறைந்துவிட்டால், உள்ளே போன காற்று மேலே ஏறும்போது வெளியே வர வழியில்லாமல் காதிலும் முகத்து எலும்பறைகளிலும் மாட்டிக்கொள்ளும். இறங்கும்போது வலித்தால் இறங்காமல் இருக்கலாம். ஏறும்போது வலித்தால் ஏறாமல் இருக்க முடியுமா?

காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு இறங்குவதும் தவறு. நீச்சல் கண்ணாடியோடு இறங்குவதும் அப்படித்தான். டைவிங் மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுவதற்குக் காரணம் இருக்கிறது. இறங்க இறங்க மாஸ்க் முகத்தை உறிஞ்சிப் பிடிக்கும், அப்போது மூக்கால் லேசாக அதற்குள் மூச்சு விட வேண்டும். மறந்தால் கண் ரத்தச் சிவப்பாகிவிடும்.

மூச்சைப் பிடிப்பது

கிணற்றில் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து, அதனால் கவனமாகப் படியுங்கள். கிணற்றில் நாம் மேலே மூச்சை இழுத்துக்கொண்டு முங்குகிறோம். ஆழத்தில் அந்தக் காற்று சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும். நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது. சிலிண்டரில் அப்படி இல்லை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவியான ரெகுலேட்டர் அங்கே கொடுக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வரும். அங்கே நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் பலூன் மாதிரி அத்தனை விரியாது, கிழியும். அங்கிருந்து காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வந்த மாதிரி ஆள் விழுந்துவிடுவார்.

இதற்குப் பெரிய ஆழம் தேவையில்லை. முழு மூச்சைப் பிடித்தபடி ஒன்றேகால் மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. அதனால் நீச்சல் குளத்தில் பயிற்சி எடுக்கும்போதும் இதே விதிதான்: ரெகுலேட்டர் வாயில் இருந்தால் இழுத்து விட்டுக்கொண்டே இருங்கள். வாயிலிருந்து நழுவிவிட்டால் மெல்ல 'ஆ...' என்று சொல்வது போலக் குமிழியாவது விட்டுக்கொண்டிருங்கள். பயம் வந்தால் மூச்சு தானாகவே நிற்கும், கிணற்றுப் பிள்ளைகளுக்கு அது ரத்தத்தில் ஊறியது. அதனால் இதைக் குளத்திலேயே நிறைய பழகிக்கொண்டு பிறகு கடலுக்குப் போவதுதான் என் கட்சி.

அவசரமாக மேலே வருவது

கோலி சோடாவை மெதுவாகத் திறந்தால் அமைதியாக இருக்கும், படக்கென்று உடைத்தால் பொங்கும். அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றில் இருக்கும் நைட்ரஜன் நம் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக ஏறினால் மூச்சு வழியாகவே வெளியே போய்விடும். சரசரவென்று ஏறினால் உடம்புக்குள் குமிழி கட்டும். 1908இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி, படிப்படியாக நின்று நின்று ஏறினால் இதைத் தவிர்க்கலாம் என்று அட்டவணை போட்டுக் காட்டினார். ஆழத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்த்துச் சொல்லும், இன்றைக்குக் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்கள் அந்தப் பாதையில் வந்தவைதான். நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நில்லுங்கள். கம்ப்யூட்டர் இல்லையென்றால், நீங்கள் விடும் குமிழிகளில் மிகச் சிறியதை முந்தாமல் ஏறுங்கள்.

கடலிலிருந்து நேராக மலைக்கு

இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தவறு, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். டைவ் செய்தபின் விமானம் ஏறக்கூடாது என்பது ஓரளவு எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பரிந்துரை உயரத்தைப் பார்த்துச் சொன்னது. சுமார் 600 மீட்டருக்கு மேல் போனாலே அது பொருந்தும். ஏற்காடு 1,500 மீட்டர் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எங்களோடு புதுச்சேரி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு டைவ். சாப்பிட்டுக் கிளம்பி ஆத்தூர் தாண்டியபோது, "அண்ணா, எட்டு மணிக்கு சேலம் போயிட்டா, பைக்கை எடுத்துட்டு ஒன்பதுக்குள்ள மேல ஏறிடுவேன், காலைல ஆள் எண்ணணும்" என்றார்.

"தம்பி, இன்னைக்கு ராத்திரி எங்க வீட்லயே படுத்துக்குங்க. காலைல டிபன் முடிச்சிட்டு ஏறலாம்."

"நல்லாத்தானுங்கண்ணா இருக்கறேன்?"

நன்றாகத்தான் இருந்தார். சேலம் மட்டத்தில் இருக்கும்வரை நன்றாகத்தான் இருப்பார். உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் தெரியவே தெரியாது. மேலே காற்றழுத்தம் குறைந்தால் சோடா மூடியை இன்னும் கொஞ்சம் தளர்த்திய மாதிரி. அதுவும் அடிவாரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அத்தனை உயரம் ஏறிவிடுகிறோம். கடைசி டைவ் முடிந்தது பகல் பன்னிரண்டு, பதினெட்டு மணி நேரம் கணக்குப் பார்த்தால் மறுநாள் காலை ஆறு. தங்கிவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினார். மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டதோடு வேலை முடிந்தது.

ராமேஸ்வரம் பக்கம் கடலில் இறங்கிவிட்டு அன்று மாலையே கொடைக்கானல் போகும் சுற்றுலாக்களுக்கும் இது பொருந்தும். அது 2,100 மீட்டர். பெங்களூரு கூட 900 மீட்டருக்கு மேல்தான், மேற்குக் கரையில் டைவ் செய்துவிட்டு அந்த வழியாக சேலம் திரும்புகிறவர்கள் கவனியுங்கள். பயணத்திட்டத்தைத் திருப்பிப் போடுவது சுலபம்: மலை முதலில், கடல் பிறகு.

டைவ் முடித்த அன்றோ மறுநாளோ தோள், முழங்கை, முழங்கால் மூட்டில் ஆழமான வலி, கை கால் மரமரப்பு, தோலில் திட்டுத்திட்டாக நிறமாற்றம், தள்ளாட்டம், காரணமில்லாத அசதி வந்தால், சிலிண்டர் தூக்கிய வலி என்று தைலம் தேய்த்துப் படுக்காதீர்கள். 108க்கு அழைத்து ஆக்ஸிஜன் வேண்டும் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக 'டைவிங் செய்தேன்' என்று சொல்லுங்கள், எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்பதையும் சேர்த்து. கடல் இல்லாத ஊரில் டாக்டருக்கு அது தானாகத் தோன்றாது. உடம்பில் குமிழி கட்டியதற்கான சிகிச்சை, காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்கும் அழுத்த அறையில் நடக்கும், மறுபடி கடலில் இறங்கிச் சரிசெய்ய முயல்வது ஆபத்து. மலைப்பாதையில் அறிகுறி தெரிந்தால் வண்டியைக் கீழே திருப்புங்கள்.

இன்னும் சில

தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். காது சரியில்லை என்றால் விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுக் காதைக் காட்டுங்கள். நான் அன்றைக்குச் செய்யத் தவறியது இதைத்தான்.

எதையும் தொடாதீர்கள். பவளம் கீறினால் ஆற நாளாகும், கல் போலக் கிடக்கும் சில மீன்களின் முதுகு முள்ளில் விஷம் உண்டு. முள்மீனோ திருக்கையோ குத்தினால், குத்துப்படாத கை தாங்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் குத்துப்பட்ட இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி அடங்கும். பிறகு ஆஸ்பத்திரி.

இறங்கும் முன் உடல்நிலை பற்றி ஒரு தாள் கொடுப்பார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை சிகிச்சை, நுரையீரலில் காற்றுக் கசிவு என்று வரிசையாகக் கேட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிட்டுப் படகேறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 'ஆம்' போட்டால் டாக்டர் கடிதம் கேட்பார்கள், அவ்வளவு தூரம் வந்து திரும்ப மனசு வராது. அந்தக் கேள்விகளைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போனில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். சேலத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், அவர் காதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கைப் பிடித்து ஊதிக் காட்டுங்கள். செவிப்பறை அசைகிறதா இல்லையா என்று அங்கேயே சொல்லிவிடுவார்.