ஃபிளானலில் குழந்தைப் போர்வை: தனி பார்டர் இல்லாமல், மூலை பிசிறாமல்

பிறந்த குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால், ஃபிளானல் எடுத்து நீங்களே ஒரு போர்வை தைத்துக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். முழுக்க நேர்த் தையல். பட்டன் இல்லை, ஜிப் இல்லை, கழுத்து வெட்ட வேண்டாம். எங்கள் குன்னூரில் மார்கழி, தை மாதங்களில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாலே இது வேண்டும். கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு மழைநாளிலும் ஏசி அறையிலும் பயன்படும்.

இங்கே சொல்லப்போவது இரண்டு அடுக்குப் போர்வை. பின்பக்கத் துணியே முன்னால் மடிந்து வந்து பார்டராக நிற்கும். நான்கு மூலையும் படச்சட்டம் போலச் சாய்வாகச் சேரும். பார்க்கக் கடினமாகத் தெரியும், ஆனால் ஒரே ஓர் இடம்தான் கடினம். அந்த இடத்தை நிதானமாகச் சொல்கிறேன்.

துணி வாங்கும்போது

நெய்து முடித்த துணியைக் கம்பிப் பற்கள் உள்ள உருளைகளில் ஓட்டி, மேலே இருக்கும் நூலைக் கிளறிவிட்டால் மென்மையான பஞ்சுப் பூ எழும்பும். அதுதான் ஃபிளானல். அந்தப் பூவுக்குள் காற்று தங்குவதால்தான் துணி கதகதப்பாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பூ உள்ளதும் கிடைக்கும், இரண்டு பக்கமும் உள்ளதும் கிடைக்கும். போர்வைக்கு எதுவானாலும் சரி.

பருத்திதானா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபிளானல் என்று கேட்டால் பாலியஸ்டர் துணியை எடுத்துப் போடும் கடைகள் நிறைய. கையில் தொட்டால் அதுவும் மெத்தென்றுதான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் நாலு நூலை உருவி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிவது போன்ற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். குழந்தைக்கு நான் பருத்தி தவிர வேறு எதையும் எடுப்பதில்லை. வியர்வையை உறிஞ்சாத துணியைக் குழந்தைக்குச் சுற்றி என்ன பயன்?

44 இஞ்ச் அகலத் துணியில் பின்பக்கத்துக்கு ஒன்றேகால் மீட்டர், முன்பக்கத்துக்கு ஒரு மீட்டர் போதும். பின்பக்கத் துணிதான் பார்டராக வரப்போகிறது. அதனால் அது ஒரே நிறமாகவோ சின்னக் கட்டமாகவோ இருந்து, முன்பக்கம் பூவோ யானையோ போட்டதாக இருந்தால் எடுப்பாக இருக்கும்.

முதலில் துவையுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஃபிளானல் கொஞ்சம் தளர்வாக நெய்தது. சாதாரணப் பருத்தியைவிட அதிகமாகச் சுருங்கும். இரண்டு துணியும் ஒரே அளவு சுருங்கும் என்றும் சொல்ல முடியாது. துவைக்காமல் தைத்துக் கொடுத்தால், முதல் சலவையில் ஒரு பக்கம் இழுத்து இன்னொரு பக்கம் சுருக்கம் விழும். அப்புறம் எத்தனை இஸ்திரி போட்டாலும் நேராகாது.

வெட்டுப்பட்ட ஓரங்களில் ஒரு ஜிக்ஜாக் ஓட்டிவிட்டுத் துவையுங்கள். இல்லையென்றால் நூல் பிரிந்து பெரிய சிக்கலாக வெளியே வரும். போர்வையைப் பின்னால் எந்தச் சூட்டு நீரில் துவைப்பார்களோ அதே சூட்டில் இப்போதே துவைத்துவிடுவது நல்லது. வாசனைக்காக ஊற்றும் கம்ஃபர்ட் வகைத் திரவம் வேண்டாம். அது இழைமேல் பூச்சாகப் படிந்து துணி நீர் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். காய்ந்ததும் இஸ்திரி போடும்போது பெட்டியை இழுக்காமல் எடுத்து எடுத்து வையுங்கள். இழுத்தால் ஃபிளானல் கோணலாக நீளும்.

வெட்டுவது

பின்பக்கம் 40 இஞ்ச் சதுரம். முன்பக்கம் 30 இஞ்ச் சதுரம். பத்து இஞ்ச் வித்தியாசம்தான் இந்தப் போர்வையின் கணக்கே. அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை இஞ்ச், பார்டராக நிற்கும்.

நாலு பக்கமும் 40 வந்துவிட்டால் மட்டும் சதுரம் ஆகிவிடாது. மூலைக்கு மூலை குறுக்கே டேப் வைத்துப் பாருங்கள். பெரியதில் இரண்டு குறுக்களவும் ஐம்பத்தாறரை இஞ்ச், சின்னதில் ஏறக்குறைய நாற்பத்திரண்டரை இஞ்ச் வரவேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் துணி சாய்ந்திருக்கிறது. இங்கே சரி செய்யாத சாய்வு கடைசியில் மூலையில் வந்து நிற்கும்.

ரோட்டரி கட்டர், அதற்கு ஒரு பாய் என்றெல்லாம் வாங்கச் சொல்லும் காணொளிகள் ஏராளம். ஒரு போர்வைக்கு அது தேவையில்லை. டெய்லர் கடைகளில் வைத்திருக்கும், ஆங்கில எழுத்து L வடிவில் இருக்கும் எல் ஸ்கேல் ஒன்றும், துணிக்கென்றே ஒதுக்கிய நல்ல கத்தரிக்கோல் ஒன்றும் இருந்தால் போதும். எல் ஸ்கேல் மூலைக்கும் வேண்டும். அதனால் அதில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

மிஷினைத் தயார் செய்வது

புது ஊசி, 14 நம்பர். நூல் பாலியஸ்டர், அது சுருங்காது, எளிதில் அறாது. தையல் நீளம் 3 மில்லிமீட்டர், இஞ்சுக்கு எட்டுத் தையல் அளவு. சின்னத் தையலாக வைத்தால் ஃபிளானலுக்குள் புதைந்து, பிரிக்கவேண்டி வந்தால் துணியே கிழியும்.

இரண்டு ஃபிளானலை மேலே மேலே வைத்தால் வழுக்காது, ஒட்டிக்கொள்ளும். நல்ல விஷயம்தான். ஆனால் மிஷினின் பற்கள் கீழ்த்துணியை மட்டும் பிடித்து இழுப்பதால் மேல்துணி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, ஓரம் முடியும் இடத்தில் ஒரு சின்ன மேடாகத் தேங்கும். மேல்துணியையும் சேர்த்துப் பிடித்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மிஷினுக்கு ஒரே ஒரு உதிரி வாங்குவதென்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

*பின்சேர்க்கை:* கால் மிஷின் வைத்திருக்கும் தோழிகள் பலர் வாக்கிங் ஃபுட் இல்லாமல் முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மிஷின் தலைமேல், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும். அதை ஓரிரு சுற்றுத் தளர்த்துங்கள். இரண்டு இஞ்சுக்கு ஒரு கிளிப் போடுங்கள். முன்னால் இருந்து தள்ளாமலும், பின்னால் இருந்து இழுக்காமலும் கையைத் துணிமேல் லேசாக வைத்து ஓட்டுங்கள். கிளிப் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குண்டூசி ஃபிளானல் பூவுக்குள் மறைந்துவிடும், போவது குழந்தை கைக்கு. குண்டூசிதான் இருக்கிறது என்றால் எத்தனை குத்தினோம் என்று எண்ணி, அத்தனையும் திரும்பி வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

நாலு பக்கமும் தைப்பது

சின்னச் சதுரத்தின் பின்புறத்தில், அதாவது அச்சு மங்கலாகத் தெரியும் பக்கத்தில், நாலு மூலையிலும், இரண்டு ஓரத்திலிருந்தும் அரை இஞ்ச் உள்ளே தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். கால் இஞ்ச் தையல் போதும் என்று பலர் சொல்வார்கள். ஃபிளானல் பிசிறும் வேகத்துக்கு நான் அரை இஞ்சுக்குக் குறைப்பதில்லை.

இரண்டு துணியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவைக் கண்டுபிடித்து அடையாளம் போடுங்கள். பெரியதன் நல்ல பக்கம் மேலே பார்க்க விரித்து, சின்னதன் நல்ல பக்கத்தை அதன்மேல் கவிழ்த்து, ஒரு பக்கத்தின் நடுவோடு நடு சேர்த்துக் கிளிப் போடுங்கள். அங்கிருந்து இரு புறமும் ஓரத்தோடு ஓரம் பிடித்துக்கொண்டே போங்கள். சின்னது முடியும் இடத்துக்கு அப்பால் பெரியது இரு புறமும் ஐந்து ஐந்து இஞ்ச் நீட்டிக்கொண்டிருக்கும். அது அப்படியே இருக்கட்டும்.

புள்ளியில் தொடங்கி அடுத்த புள்ளியில் நிறுத்துங்கள். இரண்டு முனையிலும் ரிவர்ஸ் போட்டுக் கெட்டியாக்குங்கள். புள்ளியைத் தாண்டி ஒரு தையல்கூடப் போகக்கூடாது. கடைசி நாலு தையலைக் கையால் சக்கரத்தைச் சுற்றி வைத்தால் துல்லியமாக நிற்கும். அடுத்த பக்கம் தைக்கும்போது, முந்தின பக்கத்தில் நீட்டி நிற்கும் பெரிய துணியை ஒதுக்கிவிட்டுத் தையுங்கள். நாலாவது பக்கத்தின் நடுவில் மட்டும் ஆறு இஞ்ச் தைக்காமல் விடுங்கள். அதன் வழியாகத்தான் போர்வையை வெளியே எடுக்கப்போகிறோம்.

நாலும் முடிந்ததும் பெரிய துணி தளர்ந்து, பை மாதிரித் தொங்கும். எங்கோ தவறிவிட்டது என்று தோன்றும். இல்லை, அப்படித்தான் இருக்கவேண்டும்.

மூலை

பலரும் கைவிடுகிற இடம் இது. மெதுவாகப் படியுங்கள், துணியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

ஒரு மூலையை எடுத்து, அங்கே சந்திக்கும் இரண்டு தையலும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி போர்வையைக் குறுக்காக மடியுங்கள். இப்போது பெரிய துணியின் மிச்சம் ஒரு முக்கோண மூக்கு போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் ஒரு பக்கம் இரண்டு வெட்டு ஓரங்கள் சேர்ந்திருக்கும். இன்னொரு பக்கம் மடிப்பு.

எல் ஸ்கேலின் ஒரு கையை மடிப்பின்மேல் வையுங்கள். வெட்டு ஓரத்தின்மேல் அல்ல. இதில்தான் எல்லாருக்கும் சிக்குகிறது. வெட்டு ஓரம் நேராக இருப்பதால் கை தானாக ஸ்கேலை அங்கே கொண்டுபோகும். அப்படிக் கோடு போட்டால் மூலை விரியாது, தொப்பி போலக் குவிந்து நிற்கும். மடிப்பின்மேல் வைத்த ஸ்கேலை, அதன் மறு கை நாம் தையலை நிறுத்திய புள்ளியைத் தொடும்வரை நகர்த்துங்கள். தொட்டதும், புள்ளியிலிருந்து மடிப்புவரை கோடு போடுங்கள்.

கோட்டை அளந்து பாருங்கள். ஏறக்குறைய மூன்றரை இஞ்ச் வரவேண்டும். ஐந்து இஞ்ச் வந்தால் வெட்டு ஓரத்தை வைத்துப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

சின்னத் துணியின் மூலை நுனியைப் பின்னால் தள்ளி, ஊசியில் மாட்டாமல் பார்த்துக்கொண்டு, புள்ளியிலிருந்து கோட்டின்மேல் மடிப்புவரை தையுங்கள். இரண்டு முனையிலும் ரிவர்ஸ். உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். அந்த மூலையை மட்டும் திருப்பி விரித்துப் பாருங்கள். தட்டையாக, சாய்வுத் தையலோடு உட்கார்ந்தால் சரி. பிறகு தையலுக்கு வெளியே கால் இஞ்ச் விட்டு, நீட்டி நிற்கும் முக்கோணத்தை வெட்டிவிடுங்கள். நாலு மூலைக்கும் இதே வேலை.

*இன்னொரு பின்சேர்க்கை:* கோடும் சரி, அளவும் சரி, ஆனாலும் மூலை உட்புறத்தில் சின்னதாகச் சுருங்குகிறது என்று ஒருவர் படம் அனுப்பியிருந்தார். பக்கத் தையல் புள்ளியைத் தாண்டி ரெண்டு தையல் போயிருந்தது, அவ்வளவுதான். அந்த இரண்டை மட்டும் பிரித்தால் சரியாகிவிடும், மூலையைப் பிரிக்க வேண்டாம்.

முடிப்பது

விட்டுவைத்த ஆறு இஞ்ச் வழியாக வெளியே திருப்புங்கள். மூலையைக் கத்தரிக்கோல் நுனியால் குத்தித் தள்ளாமல், மழுங்கிய பென்சிலாலோ கரண்டிக் காம்பாலோ தள்ளுங்கள். பார்டர் நாலு பக்கமும் இரண்டரை இஞ்ச் வருமாறு இழுத்து ஒதுக்கி இஸ்திரி போடுங்கள். பிறகு பார்டர் உள்பக்க ஓரத்தில், எல்லா அடுக்கும் சேர்த்து ஒரு சுற்று மேல்தையல் ஓட்டுங்கள். திறந்திருந்த வாயும் அதிலேயே மூடிவிடும். முடித்த அளவு 34 இஞ்ச் இருக்கும்.

எழுந்திருக்கும் முன், அடிநூல் இருக்கும் பாபின் கேஸைக் கழற்றிப் பாருங்கள். ஒரு போர்வைக்கே உள்ளே பஞ்சு மெத்தை போட்டிருக்கும். சின்ன பிரஷ்ஷால் எடுத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வாயால் ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளேதான் போகும்.

கொடுக்கும்போது சொல்லவேண்டியவை

தூங்கும் குழந்தைமேல் தளர்வாகப் போர்த்தி விட்டுவிட்டுப் போகக்கூடாது. ஒரு வயது ஆகும்வரை படுக்கையில் எந்தத் தளர்ந்த போர்வையும் வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள், முகத்தை மூடினால் அதற்கு விலக்கத் தெரியாது. தூக்கி வைத்திருக்கும்போது சுற்றிக்கொள்ள, தரையில் விரித்துப் போட, வெளியே எடுத்துப்போக என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நெருப்பு இரண்டாவது விஷயம். மேலே எழும்பி நிற்கும் பஞ்சில் தீ சட்டென்று பரவும். இங்கிலாந்தில் நூறு வருடத்துக்கும் முன் ஃபிளானலெட் என்று அங்கே சொல்லும் பருத்தி ஃபிளானல் இரவு உடையில் தீப்பற்றி நிறையக் குழந்தைகள் இறந்தார்கள். உரிய தரம் இல்லாத துணியைத் தீப்பிடிக்காதது என்று சொல்லி விற்பதைத் தடுக்க 1913இல் அங்கே சட்டமே கொண்டுவந்தார்கள். மலையில் இன்னும் கரி அடுப்பு வைத்துக் குளிர் காய்கிற வீடுகள் உண்டு, ஹீட்டர் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. இரண்டுக்கும் பக்கத்தில் இந்தப் போர்வையைக் காயப் போடவே வேண்டாம்.

மிச்சத் துணியில்

முன்பக்கத் துணியில் மிஞ்சும் பட்டையை 9க்கு 18 இஞ்சாக வெட்டி, இரண்டை நல்ல பக்கம் உள்ளே வைத்துச் சுற்றித் தைத்துத் திருப்பினால், பால் கொடுத்தபின் தோளில் போட்டுக்கொள்ளும் துணி ஆயிற்று. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு மூட்டு வலி இருந்தால் ஒத்தடப் பை தையுங்கள். 6க்கு 12 இஞ்சில் ஒரு பை, ஒரு முனை திறந்து, கட்டுவதற்குப் பருத்தி நாடா. இதற்கு மட்டும் நூலும் பருத்தியாக இருக்கட்டும். வெறும் வாணலியில் பச்சரிசியோ கல் உப்போ வறுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் முக்கால் பாகம் கொட்டிக் கட்டினால், ஃபிளானல் சூட்டைச் சுரீரென்று ஏறவிடாமல் மெதுவாக வெளியே விடும். முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். குழந்தைகளுக்கு இந்தப் பை வேண்டாம்.

*கடைசியாகச் சேர்த்தது:* 36 இஞ்ச் அகலத் துணிதான் கிடைக்கிறது, என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு: பெரியது 33, சின்னது 23 என்று வெட்டுங்கள். வித்தியாசம் பத்து என்பதை மாற்றாதவரை மூலைக் கோடு அதே மூன்றரை இஞ்ச், பார்டர் அதே இரண்டரை. முடித்தபின் 27 இஞ்ச் வரும், தொட்டிலுக்கு வெளியே மடியில் சுற்றி வைத்துக்கொள்ள அது போதும்.