பைத்தான் தரவுக்கு வகை மரம் வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏதோ ஒரு ஏபிஐ (நிரல்கள் தரவு பரிமாறும் வழி) அனுப்பிய ஜேசன் (எழுத்து வடிவத் தரவு) கைக்கு வருகிறது. லிஸ்டுக்குள் டிக்ஷனரி, அதற்குள் இன்னொரு லிஸ்ட், அதற்குள்ளும் டிக்ஷனரி. அதை அப்படியே பிரிண்ட் செய்தால் திரை முழுக்க மதிப்புகள் வந்து கொட்டும். கட்டமைப்பு மட்டும் கண்ணில் படாது. பைத்தானின் பிபிரிண்ட் (pprint) அதை வரி பிரித்து அழகாக அடுக்கித் தரும். ஆழ வரம்பு கொடுத்தாலோ, வரம்புக்குக் கீழே இருப்பதையெல்லாம் மூன்று புள்ளிகளாக்கிவிடும். நாம் தேடுவது பெரும்பாலும் அந்தப் புள்ளிகளுக்குள்தான் இருக்கும். வகை மரம் உதவுவது இங்கேதான். மதிப்புகளை விட்டுவிட்டு, எந்தக் கீயின் கீழ் எந்த வகைத் தரவு இருக்கிறது என்பதை மட்டும் சில வரிகளில் அது காட்டுகிறது. ஐந்நூறு ஆர்டர்கள் உள்ள ஒரு தரவுக்கு அது இப்படி இருக்கும்:

லிஸ்ட் × 500
└── டிக்ஷனரி
    ├── எண்: இன்ட்
    ├── பெயர்: ஸ்ட்ரிங்
    ├── மின்னஞ்சல்? 488/500: ஸ்ட்ரிங் | நன்
    └── பொருட்கள்: லிஸ்ட்
        └── டிக்ஷனரி
            ├── விலை: இன்ட் | ஃப்ளோட்
            └── அளவு: இன்ட்

ஐந்நூறு ஆர்டர்கள் ஒன்பது வரிகளில் அடங்கிவிட்டன. கேள்விக்குறி இருந்தால் அந்தக் கீ சில பதிவுகளில் இல்லை என்று பொருள்; 488/500 என்றால் ஐந்நூறில் 488-ல் மட்டும் உண்டு. நடுக்கோடு இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் வருகின்றன என்று பொருள். ‘நன்’ என்பது பைத்தானின் None, அதாவது வெறுமை மதிப்பு. இப்படியொரு மரத்தை வரைய, தன்னையே அழைத்துக்கொள்ளும் சிறிய ஃபங்ஷன் ஒன்று போதும். எழுதுவது எளிது என்பதால் பலரும் சொந்தமாகவே எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் சுருக்கும் அவசரத்தில் தரவில் உள்ள ஒழுங்கின்மையையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். அந்த ஒழுங்கின்மையைக் கண்டுபிடிக்கத்தானே மரத்தையே வரைகிறோம்?

மிகப் பரவலான தவறு, லிஸ்டின் முதல் உறுப்பை மட்டும் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டுவது. மேலே உள்ள தரவில் முதல் ஆர்டரில் மின்னஞ்சல் இருந்திருந்தால், கேள்விக்குறி மரத்தில் வந்தே இருக்காது. முதல் ஆர்டரின் பொருட்கள் லிஸ்ட் காலியாக இருந்திருந்தால், அதற்குக் கீழே உள்ள கிளை முழுவதுமே காணாமல் போயிருக்கும். முதல் நூறைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். தரவு தேதிவாரியாக அடுக்கப்பட்டிருந்தால் பழைய வடிவம் முழுவதும் முன்னால் வரும், புதிய வடிவம் கடைசியில் வரும். முதல் நூறில் பழையது மட்டுமே கிடைக்கும். நினைவகத்தில் ஏற்கெனவே ஏற்றப்பட்ட தரவை முழுதும் சுற்றிவருவது பெரும்பாலான நேரங்களில் தாங்கக்கூடிய செலவுதான். முழுதும் பாருங்கள். தரவு மிகப் பெரிது, மாதிரி எடுத்தே ஆகவேண்டும் என்றால், மாதிரிதான் எடுத்தோம் என்பதை மரத்திலேயே எழுதிவையுங்கள். அடுத்து அதைப் படிப்பவர் கேள்விக்குறி இல்லாத ஒரு கீயை நம்பி நிரல் எழுதப்போகிறார்.

எல்லா உறுப்புகளையும் பார்த்தாயிற்று என்று வையுங்கள். அடுத்த கேள்வி, பார்த்தவற்றை எப்படி ஒன்றுசேர்ப்பது என்பது. கீகளையெல்லாம் கூட்டி ஒரே டிக்ஷனரியாகக் காட்டுவதுதான் முதலில் தோன்றும் வழி. பல தரவுகளுக்கு அது சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு லிஸ்டில் இரண்டு விதமான பதிவுகள் கலந்திருக்கின்றன என்று எண்ணிப்பாருங்கள். நிலை ‘வெற்றி’ என்றால் ‘முடிவு’ என்ற கீ வரும். ‘தோல்வி’ என்றால் ‘காரணம்’ என்ற கீ வரும். எல்லாவற்றையும் கூட்டினால் மரம் இப்படிச் சொல்லும்:

டிக்ஷனரி
├── நிலை: ஸ்ட்ரிங்
├── முடிவு?: டிக்ஷனரி
└── காரணம்?: ஸ்ட்ரிங்

இதைப் படிப்பவருக்கு நான்கு வாய்ப்புகள் தெரிகின்றன: இரண்டும் உண்டு, முதலாவது மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டுமே இல்லை. தரவில் உண்மையில் இருப்பது இரண்டுதான். இந்த இரண்டு கீகளும் ஒருபோதும் சேர்ந்து வருவதில்லை என்ற முக்கியமான செய்தி கூட்டலில் கரைந்துவிட்டது. கீகளின் தொகுப்பு ஒன்றாக உள்ள பதிவுகளை முதலில் ஒரு குழுவாக்குங்கள். குழுக்கள் நான்கைந்துக்குள் இருந்தால் எண்ணிக்கையோடு தனித்தனிக் கிளைகளாகக் காட்டுங்கள். எக்கச்சக்கமாகப் பெருகினால் மட்டும் கூட்டலுக்கு வாருங்கள். நான் இதையே இயல்பான நடத்தையாக வைப்பேன். இரண்டு வரி கூடுதலாவது பெரிய இழப்பில்லை.

இதற்கு நெருங்கிய இன்னொரு குழப்பம், கீ இல்லாததையும் மதிப்பு ‘நன்’ ஆக இருப்பதையும் ஒன்றாகக் கருதுவது. கெட் மெத்தடைக் கொண்டு எடுத்தால் இரண்டுக்குமே நன்தான் திரும்பிவரும். அதனால் வித்தியாசம் கண்ணில் படாமல் போகிறது. நேரடியாகச் சதுர அடைப்பில் எடுத்தால், கீ இல்லாதபோது கீஎரர் வரும். கீ இருந்து மதிப்பு நன் ஆக இருந்தால், எடுக்கும் இடத்தில் எந்தப் பிழையும் வராது. அதன்மேல் ஏதாவது மெத்தடை அழைக்கும்போதுதான், நிரலின் வேறொரு மூலையில், ஆட்ரிபியூட்எரர் வெடிக்கும். பிழைகள் இரண்டு என்பதால் குறியீடுகளும் இரண்டாக இருக்கட்டும்.

இனி வகைகளை அடையாளம் காணும் இடம். பைத்தானில் பூல் என்பது இன்டின் துணை வகை, பதிப்பு 2.3-லிருந்தே அப்படித்தான். ஐஸ்இன்ஸ்டன்ஸ் கொண்டு இன்டை முதலில் சோதித்தால் ட்ரூ, ஃபால்ஸ் எல்லாம் இன்ட் என்று பதிவாகும். பூலை முன்னதாகச் சோதியுங்கள், அல்லது இலைகளுக்கு (உள்ளே கிளை இல்லாத மதிப்புகளுக்கு) டைப் தரும் பெயரையே எழுதுங்கள். ஆனால் அதே வழியில் ‘வகை சரியாக டிக்ஷனரிதானா’ என்று கறாராகக் கேட்டால் டிஃபால்ட்டிக்ட், கவுன்டர் போன்றவை கிளையில்லாத இலைகளாக நின்றுவிடும். கொள்கலன்களுக்கு கலெக்ஷன்ஸ் தொகுப்பின் ஏபிசி பகுதியில் (collections.abc) உள்ள மேப்பிங்கைக் கொண்டு சோதிப்பதே நல்லது.

ஸ்ட்ரிங்கில் கூடுதல் கவனம் வேண்டும். அதுவும் ஒரு சீக்வென்ஸ்தான். சுற்றிவரக்கூடிய எதையும் கொள்கலன் என்று எடுத்துக்கொண்டால், ஃபங்ஷன் ஒவ்வொரு எழுத்தாக உள்ளே நுழையும். அந்த ஓரெழுத்தும் ஒரு ஸ்ட்ரிங். அதன் முதல் உறுப்பு மறுபடியும் அதே ஓரெழுத்து. வழக்கமான 1000 என்ற அழைப்பு வரம்பைத் தொட்டு, ரிகர்ஷன்எரரோடு நிரல் நிற்கும். பைட்ஸ் இப்படி முடிவில்லாமல் ஓடாது, ஆனால் வெறும் இன்ட்களின் வரிசையாகத் தோன்றி ஏமாற்றும். ஜெனரேட்டரை (மதிப்புகளை ஒவ்வொன்றாக ஒருமுறை மட்டும் தருவதை) உள்ளே போய்ப் பார்க்கவே கூடாது. பார்த்தால் அது தீர்ந்துவிடும், அதற்காகக் காத்திருக்கும் நிரலுக்கு ஒன்றும் மிஞ்சாது. நம்பை (எண் கணக்கீட்டு நூலகம்) அரேக்களுக்கு வடிவமும் டிடைப்பும் (உறுப்புகளின் வகை) போதும்.

டூப்பிளை லிஸ்ட் போலவே சுருக்குவதும் வழக்கமாக நடக்கிறது. லிஸ்டில் பெரும்பாலும் ஒரே மாதிரியான உறுப்புகள் இருக்கும். டூப்பிளில் ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பொருள் உண்டு. ஸ்ட்ரிங், ஃப்ளோட், ஃப்ளோட் என்று வரிசையாக இருப்பதை ‘ஸ்ட்ரிங் | ஃப்ளோட்’ என்று மடித்தால் எது எந்த இடம் என்பது போய்விடும்.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஜேசனில் 10 என்று இருந்தால் பைத்தான் இன்ட் ஆக்கும், 10.0 என்று இருந்தால் ஃப்ளோட் ஆக்கும். இரண்டையும் ‘எண்’ என்று மடிக்கும் வசதியைத் தரலாம். கேட்காமல் மடிக்காதீர்கள்.

சில தரவுகளில் கீ என்பதே தரவாக இருக்கும். பயனர் எண்ணைக் கீயாக வைத்த டிக்ஷனரியில் பன்னிரண்டாயிரம் பயனர்கள் இருந்தால் மரமும் பன்னிரண்டாயிரம் கிளைகளோடு வளரும். கீகள் மிகுதியாகவும், கீழே உள்ள வடிவம் ஒன்றாகவும் இருந்தால், ‘ஸ்ட்ரிங் → டிக்ஷனரி × 12,000’ என்று மடித்துவிடலாம். இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. வகை மரத்தில் மதிப்புகள் இல்லை என்ற தைரியத்தில் அதைப் பிழை அறிக்கையில் ஒட்டுகிறோம். கீகளே மின்னஞ்சல் முகவரிகளாக இருந்தால் அத்தனையும் வெளியே போய்விடும்.

இரண்டு வடிவங்கள் ஒன்றா என்று பார்க்க, வரைந்த மரத்தின் எழுத்துகளை ஒப்பிடுவது நம்பகமான வழியில்லை. பதிப்பு 3.7 முதல் டிக்ஷனரி நுழைத்த வரிசையைக் காப்பது மொழியின் உறுதி. ஒரே கீகள் வேறு வரிசையில் வந்தால் எழுத்துகளும் வேறாகிவிடும். செட்டிலோ பிரச்சினை வேறு விதம்: ஸ்ட்ரிங்குகளின் ஹாஷ் (செட்டில் இடத்தைத் தீர்மானிக்கும் எண்) ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறி, வரிசையும் மாறக்கூடும் என்பதால், நேற்றைய மரத்தையும் இன்றைய மரத்தையும் ஒப்பிட்டால் இல்லாத மாற்றம் தெரியலாம். ஒப்பீட்டுக்கு முன் வரிசைப்படுத்துங்கள். கீகளில் இன்டும் ஸ்ட்ரிங்கும் கலந்திருந்தால் வரிசைப்படுத்துவதே டைப்எரரில் முடியும் என்பதால், வகைப் பெயரையும் சேர்த்து வரிசைப்படுத்த வேண்டியிருக்கும்.

சுழற்சி ஜேசனில் வராது. பைத்தான் ஆப்ஜெக்டுகளில் வரும். பிள்ளை முனை பெற்றோரைச் சுட்டினாலே போதும். இதைத் தடுக்கப் பலரும் பார்த்த ஆப்ஜெக்டுகளின் ஐடிகளையெல்லாம் (அடையாள எண்களை) ஒரு செட்டில் போட்டுவைக்கிறார்கள். அப்போது இரண்டு இடங்களில் பகிரப்பட்ட சாதாரண லிஸ்டும் சுழற்சி என்று முத்திரை பெறும். வேரிலிருந்து இப்போது நிற்கும் முனை வரையுள்ள பாதையை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு முனையை விட்டு வெளியேறும்போது அதன் ஐடியை நீக்கிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் ஃபங்ஷனுக்கு இவற்றைக் கொடுத்துப் பாருங்கள்: காலி லிஸ்ட், ட்ரூவும் 1-ம் உள்ள லிஸ்ட், தன்னையே உறுப்பாகக் கொண்ட லிஸ்ட், ஒரே டிக்ஷனரியை இருமுறை கொண்ட லிஸ்ட், கடைசி உறுப்பில் மட்டும் ஒரு கீ கூடுதலாக உள்ள லிஸ்ட்.