சேர்வராயன் மலையில் மஞ்சள்தொண்டைச் சின்னானைப் படமெடுப்பது எப்படி?

இளமையில் தொற்றிக்கொண்ட பறவைப் பித்து, பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு இன்னும் கூடியிருக்கிறது. அரிய பறவைகளைத் தேடி எங்கெங்கோ அலைந்தாலும், என் மனத்துக்கு மிக நெருக்கமானது மஞ்சள்தொண்டைச் சின்னான்தான் (Yellow-throated Bulbul). தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத, அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கும் அந்தப் பறவை, சேலத்துக்காரர்களான நமக்குச் சேர்வராயன் மலையிலேயே காணக் கிடைக்கிறது. புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: மூக்கனேரியில் பயிற்சி

எடுத்தவுடன் மலையேற வேண்டாம். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் நெடுநேரம் அசையாமல் நிற்கும் என்பதால், அதன் கண்ணில் ஃபோகஸ் வைத்துப் பழகுங்கள். வெண்கொக்கைக் கேமராவின் கணிப்புப்படியே எடுத்தால் இறகின் நுணுக்கங்கள் வெளுத்துப் போகக்கூடும். படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கேமரா அமைப்பு

400 மி.மீ. லென்ஸ் போதுமானது. கிளையில் அமர்ந்த சிறு பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 வினாடி, பறக்கும் பறவைக்கு 1/2000 வினாடி என்று தொடங்கலாம். ஒளியுணர் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டு, உச்சவரம்பை 3200 என வைத்துக்கொள்ளுங்கள். படங்கள் ரா (RAW) வடிவில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்புகளாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: இடமும் அடையாளமும்

பலர் ஏமாறுவது இங்கேதான். சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு என்றதும் சில்வர் ஓக் நிழலிலுள்ள காப்பித் தோட்டங்களுக்குள் நுழைந்து தேடுகிறார்கள். இந்தச் சின்னானுக்கு வேண்டியதோ பெரும்பாறைகளும் முட்புதர்களும் கலந்த வறண்ட சரிவு. தலையும் தொண்டையும் மஞ்சள், முதுகு சாம்பல் கலந்த ஆலிவ் நிறம், வாலடியும் மஞ்சள். வெண்புருவச் சின்னானும் இதே புதர்களில் திரியும், குரலிலும் ஒற்றுமை உண்டு. ஆகவே குரலை மட்டும் நம்பாமல், வெண்புருவச் சின்னானுக்குரிய வெள்ளைக் கோடு கண்ணுக்கு மேலே இருக்கிறதா என்று பைனாகுலரில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உண்ணிச்செடியிலோ ஆல், அத்தி வகை மரத்திலோ பழம் பழுத்திருந்தால், அதற்குச் சற்றுத் தொலைவில், சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு, விடியற்காலையிலேயே அமர்ந்துவிடுங்கள். கூச்சம் மிகுந்த இப்பறவையைத் துரத்தினால் பாறைக்குப் பின்னால் மறைந்துவிடும். பழத்துக்காக அதுவே திரும்பி வரும்வரை காத்திருப்பதே நான் கண்டறிந்த வழிகளில் மிகச் சிறந்தது. அது வழக்கமாக எந்தக் கிளையில் இறங்குகிறது என்பதைக் கவனித்து, அந்தக் கிளையில் முன்னதாகவே ஃபோகஸ் வைத்துவிட்டால், அது தலையைத் திருப்பும் கணத்தில் நீங்கள் ஆயத்தமாக இருப்பீர்கள்.

நான்காம் படி: செய்யக்கூடாதவை

கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டதென்று பதறி, இரைதேடலையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு அது வரக்கூடும். அப்படி எடுத்த படத்தை நான் படமாகவே மதிப்பதில்லை. கூட்டின் அருகே செல்லவே வேண்டாம். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதியும், தோட்டங்களுக்குள் நுழைய உரிமையாளரின் இசைவும் பெற்றிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பதிவு

நாள், நேரம், செடியின் பெயர், பறவை செய்துகொண்டிருந்தது என அனைத்தையும் அன்றிரவே குறிப்பேட்டில் எழுதி, பறவை நோக்குவோர் தாங்கள் கண்டவற்றைப் பதிவிடும் ஈ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பட்டியலாக ஏற்றுங்கள். தற்செயலாகக் கூடு கண்ணில் பட்டிருந்தால், அதன் இருப்பிடத்தைப் பொதுவெளியில் வெளியிடாதீர்கள். படத்தைப் பகிரும்போது ஏற்காடு என்று மட்டும் குறிப்பிட்டால் போதும்.