கடல்மட்டத்திலிருந்து அமா டப்ளம்: வழிகாட்டியுடன் ஏறத் திட்டமிடும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை என்றதும் நினைவுக்கு வருவது கீரிமலை. அங்கும் ஏறுவதற்கு எதுவும் இல்லை, கேணியில் இறங்குவதற்குத்தான் படிகள் உண்டு. இந்தச் சமதரையில் பிறந்து வளர்ந்த ஒருவர், நேபாளத்தின் கும்பு பகுதியில் 6,812 மீற்றர் உயர்ந்து நிற்கும் அமா டப்ளத்தை வழிகாட்டியுடன் ஏற எண்ணினால், எவற்றை எந்த வரிசையில் செய்யவேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். பனை ஏறும் தொழிலாளி தன் தளைநாரைத் தானே இழுத்துப் பார்த்த பின்புதான் காலில் மாட்டுவார். அதை முடைந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த வழக்கத்தை அவர் விடுவதில்லை. வழிகாட்டியை அமர்த்துவதும் அப்படித்தான். அவருடைய அனுபவத்துக்குக் காசு கொடுக்கிறோமே தவிர, நம்முடைய பொறுப்பை அவர் தலையில் ஏற்றிவிட முடியாது.

ஏன் எவரெஸ்ட் இல்லை என்று பலர் கேட்பார்கள். 2016 மே 21 அன்று ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானதிலிருந்து இந்தக் கேள்வி இன்னும் இயல்பாகிவிட்டது. எவரெஸ்டைவிட அமா டப்ளம் 2,037 மீற்றர் தாழ்ந்தது, ஒட்சிசன் சிலிண்டர் இல்லாமலே ஏறப்படுவது, செலவும் பல மடங்கு குறைந்தது. ஆனால் எவரெஸ்டின் வழக்கமான பாதையில் பெரும்பகுதி பனியில் நடப்பது. அமா டப்ளத்தில் வழக்கமாக ஏறும் பாதையான தென்மேற்கு முகடோ பாறை, பனிக்கட்டி, கத்திமுனை போன்ற பனிவரம்பு என்று மாறி மாறி வருவது. ஏறத்தாழ 6,000 மீற்றர் உயரத்தில், இரண்டாம் முகாமுக்குச் சற்றுக் கீழே, மஞ்சள் கோபுரம் என்று அழைக்கப்படும் பாறைச்சுவர் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது. முதுகில் சுமையும் காலில் கனத்த சப்பாத்துமாக அதில் கையால் பிடித்து ஏறவேண்டும். கால் வலிமை மட்டும் இருப்பவருக்கு இந்த மலை உரியதன்று.

ஆகவே முதல் வேலை, குறைந்தது ஒன்றரை ஆண்டு முன்னதாகத் தொடங்குவது. அடிப்படைப் பயிற்சிக்கு இந்தியாவின் இரண்டு நிலையங்களைச் சொல்வேன்: 1954இல் தொடங்கிய டார்ஜிலிங் இமாலய மலையேற்ற நிலையம், 1965இல் தொடங்கிய உத்தரகாசி நேரு மலையேற்ற நிலையம். இரண்டிலும் அடிப்படைப் பயிற்சி 28 நாட்கள், வெளிநாட்டவருக்கும் இடமுண்டு. அதன்பின் 6,000 மீற்றரைத் தாண்டிய எளிய சிகரம் ஒன்று, எடுத்துக்காட்டாக 6,189 மீற்றர் உயரமான ஐலண்ட் பீக் அல்லது 6,119 மீற்றர் உயரமான லொபுச்சே கிழக்கு. அந்த உயரத்தில் உங்கள் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அங்கே போய்ப் பார்த்துத்தான் அறியவேண்டும். மரதன் ஓடுபவர் 4,500 மீற்றரில் வாந்தி எடுத்துக் கிடப்பதும், தொந்தி வைத்தவர் பக்கத்தில் இருந்து சூப் குடிப்பதும் அங்கே சாதாரணக் காட்சி.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

நிறுவனத்தின் பெயரைவிட, உங்களுடன் ஒரே கயிற்றில் இருக்கப்போகும் மனிதர் யார் என்பதே முக்கியம். சர்வதேச மலை வழிகாட்டிகள் சங்கங்களின் கூட்டமைப்பு வழங்கும் தகைமை, ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் ஐ.எஃப்.எம்.ஜி.ஏ., இத்துறையில் உலகெங்கும் ஏற்கப்படும் உயர்ந்த சான்று; நேபாள மலை வழிகாட்டிகளின் தேசியச் சங்கமும் அக்கூட்டமைப்பில் உறுப்பு வகிப்பதால், அச்சான்று பெற்ற ஷெர்பா வழிகாட்டிகளை காத்மண்டுவிலேயே அமர்த்தலாம். இவ்வகை மலைக்கு ஏறுநர் ஒருவருக்கு ஒரு வழிகாட்டி என்பதே என் கணக்கு. இருவருக்கு ஒருவர் என்பது அனுபவசாலிகளுக்கு மட்டும்.

மின்னஞ்சலில் கேட்கவேண்டியவை சில உண்டு. தென்மேற்கு முகட்டில் அவர் எத்தனை முறை ஏறினார் என்பதோடு, எத்தனை முறை உச்சி சேராமல் ஆட்களைத் திருப்பி அழைத்து வந்தார் என்றும் கேளுங்கள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை என்று பெருமையாகப் பதில் வந்தால், அவரை நான் அமர்த்தமாட்டேன். இரண்டாம் முகாமில் கூடாரம் போடும் இடம் மிகவும் குறுகியது, பாறை விளிம்பில் ஒன்றோடொன்று ஒட்டியபடிதான் போடமுடியும். அந்த இட நெருக்கடியை எப்படிச் சமாளிப்பார்கள் என்று கேளுங்கள். அடிவார முகாமில் அவசர ஒட்சிசனும், நோயாளியை உள்ளே வைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டும் அழுத்தப்பையும் இருக்குமா, சுமைகாவுவோருக்குக் காப்புறுதி செய்யப்பட்டுள்ளதா என்பனவும் எழுத்தில் வரவேண்டும்.

ஐலண்ட் பீக் போனபோது நான் ஆறு மாதம் கடிதம் எழுதி நம்பிக்கை வைத்த வழிகாட்டி, காத்மண்டுவில் இறங்கியபின் வேறொரு குழுவுடன் போய்விட்டார் என்று தெரிந்தது. பதிலுக்கு வந்த பையன் நல்லவன். ஆனால் என்னுடைய இருமல் புதிதா பழையதா என்று அவனுக்குத் தெரியாது. அதன்பின் வழிகாட்டியின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதி, அவர் மாறினால் முற்பணம் திரும்பும் என்ற வரியையும் சேர்க்காமல் நான் காசு அனுப்புவதில்லை.

நாட்கணக்கு

அமா டப்ளத்துக்குச் சிறந்த காலம் ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் இறுதி வரை. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் வளவெல்லாம் தண்ணீர் நிற்கும்போது, அங்கே பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் ஏறுவோர் உண்டு, கூட்டம் குறைவு.

இந்தத் திட்டத்தில் யாழ்ப்பாணத்தவர் அதிகம் தவறுவது உயரத்துக்கு உடலைப் பழக்கும் விடயத்தில்தான். நுவரெலியாவில் ஒரு கிழமை தங்கினால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. இந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவே 2,524 மீற்றர்தான். உயரத்தின் தாக்கம் தெரியத் தொடங்குவதே அந்த அளவில். 5,500 மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதன் பாதி. சிவப்பணுக்கள் பெருகவும் மூச்சின் வேகம் தானாகக் கூடவும் உடலுக்கு நாட்கள் வேண்டும். அந்த நாட்களைக் காசு கொடுத்துக் குறைக்கமுடியாது.

3,000 மீற்றருக்கு மேல், ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் மறு இரவு தூங்கும் இடத்துக்கும் உயர வேறுபாடு 500 மீற்றரைத் தாண்டக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தில் தங்கவேண்டும் என்பது பொது விதி. நடை தொடங்கும் லுக்லா விமானநிலையம் ஏறத்தாழ 2,850 மீற்றரில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கி பாக்டிங்கில் ஓரிரவு. மறுநாள் 3,440 மீற்றரிலுள்ள நாம்சே. இந்த ஏற்றத்தில் விதி மீறப்படுகிறது, இடையில் நல்ல தங்குமிடம் இல்லாததால் எல்லோரும் மீறுகிறார்கள். அதற்கு ஈடாக நாம்சேயில் மூன்று இரவுகள் கேளுங்கள். பிறகு தெங்போச்சே, பாங்போச்சேயில் இரண்டு இரவுகள், அதன்பின் ஏறத்தாழ 4,600 மீற்றரிலுள்ள அடிவார முகாம். அங்கிருந்து 5,700 மீற்றரிலுள்ள முதலாம் முகாமுக்குப் போய் (இதிலும் அந்த விதி மீறப்படுகிறது) ஓரிரவு தங்கி இறங்கி, இரண்டு நாட்கள் ஓய்ந்து, காலநிலை திறக்கும்வரை காத்திருத்தல். 2006 நவம்பரில், மலையின் கழுத்தில் தொங்கும் பனிப்பாளம் உடைந்து விழுந்து மூன்றாம் முகாமில் ஆறு பேர் இறந்தபின், பெரும்பாலான குழுக்கள் அந்த முகாமைத் தவிர்த்து இரண்டாம் முகாமிலிருந்தே உச்சிக்குப் போய்த் திரும்புகின்றன. உங்கள் திட்டத்தில் மூன்றாம் முகாமில் தங்குவதாக இருந்தால் ஏன் என்று கேட்கவேண்டும். அப்பனிப்பாளத்தால்தான் மலைக்குப் பெயரே வந்தது; அம்மாவின் கழுத்திலுள்ள தாயத்துப்பெட்டி என்பது அதன் பொருள்.

எல்லாம் கூட்டினால் 26 நாட்கள் வரும். அதன்மேல் நான்கு நாட்கள் கையிருப்பு. 22 நாளில் முடித்துத் தருவோம் என்று மலிவாகச் சொல்பவர்கள் இந்தக் கையிருப்போடு மேலும் நான்கு நாட்களையும் வெட்டுகிறார்கள்.

கடதாசி வேலைகள்

சார்க் நாட்டவர் என்ற முறையில் இலங்கையருக்கு நேபாள விசா ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாட்கள் இலவசம். மேலே போனால் நீடிப்புக்குக் கட்டணம் உண்டு. வழியிலுள்ள சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணத்திலும் சார்க் நாட்டவருக்குச் சலுகை இருக்கிறது. கடவுச்சீட்டின் பிரதியை முகவரிடம் முன்கூட்டியே கொடுங்கள். ஐலண்ட் பீக் போன்ற சிறு சிகரங்களுக்கு அனுமதி தருவது நேபாள மலையேற்றச் சங்கம். அமா டப்ளத்துக்கு சுற்றுலாத் திணைக்களம். விண்ணப்பத்தை உள்ளூர் நிறுவனம் ஒன்றின் மூலமே கொடுக்கமுடியும். 1961 மார்ச்சில் இம்மலையை முதன்முதலில் ஏறிய நால்வருக்கு அனுமதி இருக்கவில்லை. அக்குழுவின் தலைவர் எட்மண்ட் ஹிலரி காத்மண்டுவுக்குப் போய் அபராதம் கட்டவேண்டி வந்தது.

காப்புறுதிப் பத்திரத்தை வரி வரியாக வாசியுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதிகளில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது என்றோ, கயிறு பயன்படுத்தும் மலையேற்றம் அடங்காது என்றோ சிறிய எழுத்தில் இருக்கும். 6,812 மீற்றர் என்ற எண்ணையும் உலங்குவானூர்தி மீட்பு என்ற சொல்லையும் சுட்டிக்காட்டி, எழுத்தில் பதில் வாங்கவேண்டும்.

இங்கிருந்தே செய்யக்கூடிய பயிற்சி

மலை இல்லையே என்ற கவலை வேண்டாம். வடமராட்சி மணற்காட்டு மணல்மேடுகளில் 15 கிலோ சுமையுடன் இரண்டு மணித்தியாலம் ஏறி இறங்கினால், கெண்டைக்கால் கேட்கும் கேள்வி பனிச்சரிவில் கேட்பதேதான். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைப் பருவம். நல்லதண்ணிப் பாதையால் ஒரே இரவில் ஏறி இறங்கி, சில மணிநேரம் தூங்கி, மறுபடி ஏறிப் பாருங்கள். உச்சி நாளில் தேவைப்படுவது வேகம் அன்று, 14 மணித்தியாலம் ஓயாமல் அசையும் பழக்கம்.

கயிற்று வேலைக்கு எங்கள் முற்றத்து வேப்பமரமே போதுமாயிருந்தது. ஆறு மீற்றர் உயரக் கிளையில் கயிற்றைக் கட்டி, நடுவில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை, மலையில் கயிற்றைப் பாறையிலோ பனியிலோ பிணைத்திருக்கும் நங்கூரப் புள்ளியாக எண்ணிக்கொள்வேன். இடுப்புப் பட்டியிலிருந்து இரண்டு தொடுப்புகள்: ஒன்றில் கயிற்றில் மேலே மட்டும் நகரும் ஜூமார், மற்றதில் பாதுகாப்புக் கொளுக்கி. முடிச்சை அடைந்ததும் முதலில் கொளுக்கியைக் கழற்றி முடிச்சுக்கு மேலே மாட்டவேண்டும், அது பூட்டியதைக் கண்ணால் பார்க்கவேண்டும், அதன்பின்பே ஜூமாரைக் கழற்றி மேலே ஏற்றவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கயிற்றைவிட்டு விலகவே கூடாது. சொல்ல இலகு. தடித்த கையுறையுடன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நித்திரை கெட்ட இரவில் நூறு முறை செய்து பாருங்கள். கை தானாக அந்த வரிசையில் போகும்வரை விடவேண்டாம். இறங்குவதற்கும் அதேயளவு பயிற்சி வேண்டும், களைத்த கை தவறுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். பழைய கயிறுகள் பலவும் முகட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். இவ்வாண்டுக் கயிறு எது என்று ஒவ்வொரு புள்ளியிலும் வழிகாட்டியிடம் கேட்டுத்தான் மாட்டவேண்டும்.

உடைகளையும் கூடாரச் சாமான்களையும் காத்மண்டுவின் தமேல் கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம். இரட்டை அடுக்குச் சப்பாத்தை மட்டும் வாடகைக்கு எடுக்கவேண்டாம். வாழ்நாள் முழுக்கச் செருப்புப் போட்ட எங்கள் பாதம் அகன்றது, தடித்த காலுறையுடன் அளவு பார்த்து வாங்கி, மாதக்கணக்காகப் போட்டு நடந்திருக்கவேண்டும்.

புறப்படுமுன் வைத்தியரிடம் குருதிச்சோகை இருக்கிறதா என்று பாருங்கள், பல்லையும் காட்டுங்கள். உயர நோய்த் தடுப்புக்கான அசற்றசோலமைட் மாத்திரையை அவர் ஆலோசனையுடன் மட்டும் எடுக்கவேண்டும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் முன்கூட்டிச் சொல்லவேண்டும். தலையிடி, குமட்டல் இருந்தால் மேலே போகாதீர்கள். ஓய்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கலாம். ஒரு காலின் விரல்நுனியை மற்றக் காலின் குதிக்கால் தொடும்படி நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினால் மூளை வீங்கியிருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் உடனே இறங்குவது, விடியும்வரை பார்ப்போம் என்ற பேச்சே கூடாது.

உயரத்தில் பசி செத்துவிடும், அந்நியச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. இரண்டு பனங்கட்டிக் குட்டானும் ஒரு பொதி எள்ளுருண்டையும் கொண்டுபோங்கள். எள்ளுருண்டை குளிரில் கல்லாகும். சட்டையின் உட்பையில் வைத்தால் மெல்லலாம்.

உச்சி நாளுக்குரிய திரும்பும் நேரத்தை அடிவார முகாமிலேயே வழிகாட்டியுடன் பேசி எழுதிக்கொள்ளுங்கள். மேலே மூளைக்குக் காற்றுக் குறைவு, அங்கே எடுக்கும் முடிவு நம்முடையதாக இராது. லுக்லா விமானம் முகில் வந்தால் நாட்கணக்கில் பறக்காது. ஆகவே காத்மண்டுவிலிருந்து கொழும்புக்கான பயணச்சீட்டை, லுக்லாவிலிருந்து திரும்பும் நாளுக்குக் குறைந்தது மூன்று நாட்கள் பிந்தியதாகவே பதிவுசெய்யுங்கள்.