பச்சை எரிந்தால் எல்லாம் சரியா? குட்டி விளக்குகளிடம் நாம் ஏமாறும் இடங்கள்

போன மாதம் ஒரு ராத்திரி இணையம் நின்றுவிட்டது. ரவுட்டரைப் பார்த்தால் ஐந்து விளக்குகள். மூன்று பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று எரியவே இல்லை. எதைப் பார்ப்பது என்று புரியாத எரிச்சலில் சிம் கார்டு ஊசியை எடுத்து, பின்னால் இருந்த ரீசெட் துளைக்குள் விட்டுப் பத்து விநாடி அழுத்தினேன். எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தது. சிவப்பு மட்டும் அசையவில்லை. வைஃபை பெயர், கடவுச்சொல், இணைப்புக்கான யூசர் நேம் எல்லாம் துடைத்தெடுத்தாற்போல் போயிருந்தன. மறுநாள் வந்தவர் ரவுட்டருக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த ஃபைபர் வயரை எடுத்து நேராக விட்டார், சிவப்பு அணைந்தது. அதற்கு ஒரு நிமிடம் ஆனது. நான் அழித்ததைத் திரும்பப் போட முக்கால் மணி நேரம்.

அந்தச் சிவப்பு விளக்கின் கீழே ‘எல்ஓஎஸ்’ என்று பொடி எழுத்தில் இருந்தது. வெளியிலிருந்து வர வேண்டிய ஒளி சிக்னல் வரவில்லை என்று பொருள். பெட்டிக்குள் என்ன செய்தாலும் வயரில் வராதது வராது. விளக்கு எதைப் பற்றிச் சொல்கிறது என்று பார்க்காமல் கையை வைத்தது என் முதல் தவறு. ரீஸ்டார்ட்டும் ரீசெட்டும் ஒன்று என்று நினைத்தது இரண்டாவது. ஸ்விட்சை அணைத்துப் போட்டால் அமைப்புகள் தங்கும். ஊசியால் குத்தினால் தங்காது.

நிறத்தை மட்டும் நம்புவது எல்லோரும் செய்யும் தவறு. பச்சை நல்லது, சிவப்பு ஆபத்து என்று சாலை சிக்னல் பழக்கத்தில் படிக்கிறோம். ஆனால் டிவியில் சிவப்பு எரிந்தால் அது தூங்குகிறது, அவ்வளவுதான். இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. கண்ணுக்குத் தெரியும் எல்இடியில் முதலில் பெயர் வாங்கியது சிவப்பு; 1962-ல் நிக் ஹோலொன்யாக் உருவாக்கியது. பல ஆண்டுகள் மலிவாகக் கிடைத்ததும் அதுதான் என்பதால், சும்மா ‘கரன்ட் வருகிறது’ என்று காட்டவும் சிவப்பையே வைத்தார்கள். பளிச்சென்ற நீலம் 1990-களில்தான் கைக்கு வந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அதற்குப் பிறகு பார்க்கும் பொருளில் எல்லாம் நீலம். புதுசாகத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஓடினால் பச்சை, தூங்கினால் ஆரஞ்சு, அணைந்தால் ஒன்றுமில்லை என்று மின்பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ-யின் 1621 என்ற தர விதி 2004-லேயே தெளிவாகச் சொன்னது. கேட்டால் கேளுங்கள், விட்டால் விடுங்கள் என்ற வகை விதி அது. பலர் விட்டுவிட்டார்கள்.

உண்மையிலேயே கையைச் சுடும் தவறு அயர்ன் பாக்ஸில் இருக்கிறது. அதன் விளக்கு பெரும்பாலும் ‘சூடாகிக்கொண்டிருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லும். போதிய சூடு ஏறியதும் உள்ளே தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தும், விளக்கும் அணையும். அதாவது விளக்கு அணைந்த அந்தக் கணத்தில்தான் அடித்தட்டு கொதிக்கிறது. ‘லைட் போயிடுச்சு, ஆறியிருக்கும்’ என்று தொட்டவர்களை எனக்குத் தெரியும். சற்று ஆறியதும் விளக்கு தானாக மறுபடி எரியும்; உடனே பெட்டி கெட்டுவிட்டது என்று பிளக்கை ஆட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. கீசரிலும் இதே கதைதான். சில மாடல்களில் நேர்மாறாக, தயாரானதும்தான் விளக்கு எரியும். உங்களுடையது எந்த ரகம் என்று அறிய, முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்விட்சைப் போடுங்கள். உடனே எரிந்தால் அது சூடேறும் விளக்கு.

விளக்கு எரியவில்லை என்றால் கரன்ட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கும் ஆரஞ்சு நியான் பல்பு பழசானால் மினுக்கி மினுக்கி ஒருநாள் நின்றுவிடும். சாக்கெட்டில் மின்சாரம் அப்படியே இருக்கும். வயரிங் மாறிப்போய், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் பக்கம் மட்டும் ஸ்விட்ச் வெட்டினால், எல்லாம் அணைந்ததுபோல் தெரிந்தும் உள்ளே மின்சாரம் கொண்டுவரும் லைன் வயர் உயிரோடு இருக்கும். திறந்து பார்க்க வேண்டுமானால் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்.

மினுக்குவதெல்லாம் கோளாறும் இல்லை. ரவுட்டரில் லேன் விளக்கு, அதாவது வயரில் இணைத்த கணினிக்கான விளக்கு, படபடப்பது தரவு ஓடுவதால். ஆனால் ஏசியோ வாஷிங் மெஷினோ நின்றுபோய், ஒரு விளக்கு ஒரே தாளத்தில் விட்டுவிட்டு மினுக்கினால் கவனியுங்கள். மூன்று மினுக்கு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று என்றால் அது பிழை எண்ணாக இருக்கும். நாம் முதல் வேலையாக மெயினை அணைக்கிறோம். எண்ணும் அதோடு போய்விடும். புகையோ கருகல் வாசனையோ இருந்தால் யோசிக்காமல் அணையுங்கள். இல்லையென்றால் முதலில் அரை நிமிடம் செல்போனில் வீடியோ எடுங்கள். பழுது பார்க்க வருபவருக்கு நீங்கள் சொல்லும் எந்த விவரத்தையும்விட அது உதவும்.

‘ரெண்டும் ஒரே நிறமாத்தானே இருக்கு’ என்று வீட்டில் யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். ஒரே பல்பு சிவப்பாகவும் பச்சையாகவும் மாறும் சாதனங்கள் சிவப்பு–பச்சை பேதம் தெரியாதவர்களுக்குப் பெரிய தொல்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இந்தக் குறை உண்டு. மற்ற இடங்களிலும் அரிதல்ல. வடிவமைத்தவரின் தவறை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

படுக்கையறையில் நீல விளக்கு உறுத்தினால் டேப் ஒட்டுவது நல்ல யோசனைதான். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குச் சிவப்பைவிட நீலம் பல மடங்கு தூக்கலாகத் தெரியும். ஆனால் டிவியில் ரிமோட் சிக்னலை வாங்கும் சென்சார் பெரும்பாலும் விளக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். நான் பெரிதாக ஒரு துண்டு ஒட்டிவிட்டு, ரிமோட்டுக்கு இரண்டு முறை பேட்டரி மாற்றினேன். புகை அலாரத்தின் மேல் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள்.

அந்தக் குட்டி விளக்கு மின்கட்டணத்தை ஏற்றுகிறது என்ற பயமும் வேண்டாம். 20 மில்லிவாட் எல்இடி வருடம் முழுக்க எரிந்தாலும் கால் யூனிட்கூட ஆகாது. அதற்குப் பின்னால் விழித்திருக்கும் ஸ்டாண்ட்பை சர்க்யூட் வேறு கணக்கு. அரை வாட் என்றாலே வருடத்துக்கு 4.4 யூனிட்.

இப்போது எந்தச் சாதனம் வந்தாலும், அது ஒழுங்காக ஓடும்போதே விளக்குகளை ஒரு போட்டோ எடுத்து வைக்கிறேன். இணையம் நின்றால் பழைய படத்தையும் ரவுட்டரையும் பக்கத்தில் வைத்து எது மாறியிருக்கிறது என்று பார்க்கிறேன். ரீசெட் துளையின் மேலும் ஒரு துண்டு டேப் ஒட்டியாயிற்று.